உடையாத தட்டு

பரசுராமன் பதினேழு வருஷம் ஒரு பாங்கு வாசலில் துப்பாக்கியும் கையுமாக உட்கார்ந்திருந்தவர். அந்தத் துப்பாக்கி ஒரு தடவைகூட வெடித்ததில்லை. ஒரு கோடையில் அதன் குழலுக்குள் குளவி கூடு கட்டிவிட்டது. பதறிப்போய் மேனேஜரிடம் சொன்னார். "கொட்டாம இருந்தா சரி, கலைச்சு விடாதீங்க" என்றாராம் அந்த மனிதர். துப்பாக்கிக்கு அங்கே இருந்த மரியாதை அவ்வளவுதான்.

அதற்கு முன்னால் பட்டாளத்தில் இருந்த பதினெட்டு வருஷத்தில் அவர் கதையே வேறு. மண் தட்டு சுடுவதில் அவர் இறங்குகிறார் என்றால் அதிகாரிகளே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார்கள். அந்த ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: உள்ளங்கை அகலத் தட்டு ஒன்றை இயந்திரம் வானத்தில் விசிறும். அது கீழே விழுவதற்குள் சுட்டு உடைக்க வேண்டும். உடைந்தால் ஒரு புள்ளி, உடையாவிட்டால் ஒன்றுமில்லை. உயிர்ச்சேதம் கிடையாது. கோழி அறுக்கும் பக்கம்கூடத் திரும்பாத பரசுராமனுக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டத்தை யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது.

பாங்கு வேலை முடிந்து வீட்டுக்கு வந்த மறுநாளே, சொந்தமாக ஒரு துப்பாக்கி வாங்கப் போவதாக மனைவி தனத்திடம் சொன்னார். "பென்ஷன் வாங்கற வயசுல எல்லாரும் கிரிவலம் போவாங்க, நீங்க ஏன் இப்படி?" என்றாள் தனம். வேங்கிக்காலில் வீடு, கூப்பிடு தூரத்தில் கலெக்டர் ஆபீஸ். லைசென்ஸுக்காக இரண்டு வருஷம் நடந்தார். கடைசியில், "வாங்க மிலிட்டரி, காபி சாப்ட்டாச்சா?" என்று அங்கே இருக்கும் பியூன்கள் விசாரிக்கும் அளவுக்கு வீட்டு மனுஷர் ஆகிவிட்டார். தொண்ணூற்றேழு ஐப்பசியில்தான் லைசென்ஸ் கைக்கு வந்தது. வருஷத்துக்கு ஐம்பது தோட்டா, அதற்கு மேல் ஒன்றுகூடக் கிடையாது என்று அதிலேயே எழுதியிருந்தது.

சென்னைக்குப் போய்ப் புத்தம் புதிய இரட்டைக் குழல் துப்பாக்கியோடு வந்து இறங்கினார். அதுவரை முறைத்துக்கொண்டிருந்த தனம், வீட்டுக்குப் புதிதாக வந்ததை வாசலில் நிறுத்தி வைக்க மனசு வராமல் ஆரத்தி சுற்றினாள். துப்பாக்கியின் மரக்கட்டையில் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தாள். "இதால யாருக்கும் ஒண்ணும் ஆவக்கூடாது, அண்ணாமலையாரே" என்றுதான் வேண்டிக்கொண்டாள். கார்த்திகை முழுக்க அந்த வேண்டுதல் பலித்துக்கொண்டே இருந்தது என்பதுதான் இந்தக் கதை.

துப்பாக்கி வந்தாயிற்று, சுடுவதற்குத் தட்டு வேண்டுமே? விலைக்குக் கிடைக்கும் தட்டு சென்னையைத் தாண்டி வருவதில்லை. அவலூர்பேட்டை ரோட்டில் பரசுராமனுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம். அதற்குப் பக்கத்து ஊரில் மண்பாண்டம் செய்யும் காசி இருந்தார். அறுபது வயசு, வாயில் எப்போதும் வெற்றிலை. பரசுராமன் போனபோது காசி ஒரு பானையை விரல் முட்டியால் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஓசை சரியில்லை போலிருக்கிறது. அதை ஓரமாக வைத்துவிட்டு, பெற்ற பிள்ளை பரீட்சையில் தவறியதுபோல் ஒரு பார்வை பார்த்தார்.

இப்பேர்ப்பட்ட மனுஷரிடம், "நீ செய்வதையெல்லாம் சுக்கு நூறாக உடைக்கப் போகிறேன்" என்று எப்படிச் சொல்வது? பந்திக்கு வந்தவன் சமைத்தவளைப் பார்த்து, "நாய்க்குப் போட இலையில் இரண்டு கரண்டி வை" என்று கேட்பதுபோல் இருக்காதா? பரசுராமனுக்கு நாக்கு எழவில்லை.

"தட்டு மாதிரி ஐம்பது வேணும் காசி. இந்த அகலம். வயல்ல எறியறதுக்கு."

காசி ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. பட்டாளத்துக்காரர்களுக்கு ஆயிரம் இருக்கும். "பதினஞ்சு நாள் குடுங்க" என்றார். பதினைந்தாம் நாள் ஐம்பது தட்டும் வைக்கோலுக்குள் பொதிந்து வந்தன. கொஞ்சம் கனமாக இருந்தன. ஆனால் என்ன அழகு! செக்கச் செவேலென்று, ஓரத்தில் விரல் வைத்து இழுத்த கோடு, தட்டினால் வெண்கலம்போல் ஓசை.

இயந்திரத்துக்குப் பதில் தனம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சின்ன வயசில் சோளக்கொல்லையில் கவண் சுற்றிக் கிளி விரட்டிய கை அது. வெல்டிங் பட்டறையில் சொல்லி, நுனியில் தட்டைக் கவ்விக்கொள்ளும் எறிகோல் ஒன்று செய்து கொடுத்தார் பரசுராமன். முதல் வீச்சிலேயே தட்டு விர்ரென்று முப்பது கஜம் போயிற்று. பட்டாளத்தில் "புல்!" என்று கத்தினால் தட்டை விடுவார்கள். தனத்திடம் அப்படிக் கத்திப் பார்த்தார். "யாரை அதட்டறீங்க?" என்று எறிகோலைக் கீழே வைத்துவிட்டாள். அதற்கப்புறம், "விடு தனம்" என்று பதவிசாகச் சொல்லப் பழகிக்கொண்டார்.

நடுவர் இல்லாமல் ஆட்டம் ஏது? அதற்கு ராஜேந்திரன் இருந்தார். ரெஜிமென்டில் தட்டு இயந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து புள்ளி போட்ட அதே ராஜேந்திரன். இப்போது ரமணாசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரர்களுக்கு அறை வாடகைக்கு விட்டுவிட்டு, நிலக்கடலையைப் பன்றி தின்கிறது என்று புலம்பிக்கொண்டிருந்தார். அவரிடமும் லைசென்ஸ் உண்டு, துப்பாக்கிதான் கிழடு. பரசுராமனுடையதைப் பார்த்ததும் அவர் கண் அதன்மேல் ஒட்டிக்கொண்டது.

முதல் ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் மழையில் நிலம் சேறாக ஊறிக் கிடந்தது. எதிரே மொட்டைப் பாறைக் குன்று, சுற்றுவட்டாரத்தில் ஆள் அரவம் இல்லை. பரசுராமன் கட்டையைத் தோளில் பதித்தார். இருபது வருஷத்துக்கு அப்புறம் உடம்பு தானாக அந்த நிலைக்கு வந்து நின்றது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"விடு தனம்."

தட்டு எழும்பியது. டமார்! தட்டு அது பாட்டுக்குப் போய்ச் சேற்றில் சொத்தென்று விழுந்தது.

"லாஸ்ட்" என்றார் ராஜேந்திரன். தட்டு தப்பிவிட்டால் நடுவர் சொல்லும் தீர்ப்பு அது.

பத்துத் தோட்டா, பத்துத் தட்டு, பத்து "லாஸ்ட்." குன்றிலிருந்த காகங்கள்கூட நாலாவது வெடிக்கு மேல் எழும்பவில்லை.

"துப்பாக்கி புதுசு இல்லையா, கட்டை கொஞ்சம் நீளம்" என்றார் பரசுராமன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார் ராஜேந்திரன்.

அடுத்த வாரம் கட்டையில் அரை அங்குலம் இழைத்துக்கொண்டு வந்தார். பத்தும் லாஸ்ட். கண் டாக்டரிடம் போய்ப் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். அந்த வாரமும் பத்தும் லாஸ்ட். ராஜேந்திரன் பாதி நேரம் தட்டைப் பார்க்காமலே தீர்ப்புச் சொன்னார். ஒவ்வொரு வாரமும் முடிந்ததும் பரசுராமன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிடுவார். உடையாத தட்டுகளைப் பார்க்கவே அவருக்குக் கூசியது. தனம்தான் சேற்றில் இறங்கி ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கழுவி, கூடையில் அடுக்கிக்கொண்டு வருவாள்.

மூன்றாவது ஞாயிறு வரப்பில் உட்கார்ந்தவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. தோட்டா வீணானது பெரிசில்லை. ராஜேந்திரனின் கிண்டலும் பெரிசில்லை. இந்த உலகத்தில் பரசுராமன் என்றால் வேறு என்ன இருக்கிறது? படிப்பு கிடையாது, பேச்சு கிடையாது, சொத்து என்று சொல்ல ஒன்றரை ஏக்கர். ஒரே ஒரு காரியம் அவருக்கு அழகாக வரும். பாங்கு வாசலில் பதினேழு வருஷத்தை அவர் ஓட்டியதே, அது தன்னிடம் பத்திரமாக இருக்கிறது என்ற தைரியத்தில்தான். இப்போது திறந்து பார்த்தால் பெட்டி காலி. எப்போது போயிற்று என்றுகூடத் தெரியவில்லை. பயமாக இருந்தது.

"இன்னும் ஒரு வாரம்" என்றார் இரண்டு பேரிடமும். "அதுலயும் ஒண்ணு உடையலனா துப்பாக்கி உனக்குத்தான் ராஜேந்திரா. உன் லைசென்ஸுல ஏத்திக்க. நான் இனிமே தொட மாட்டேன்."

தனம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு சேற்றில் இறங்கினாள்.

நாலாவது ஞாயிறும் வந்தது. பத்தும் போயிற்று. அன்றைக்கு ராஜேந்திரன் "லாஸ்ட்" என்று சத்தமாகச் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். அது கிண்டலைவிட மோசமாக இருந்தது.

பட்ட காலிலே படும் என்பார்கள். அதே வாரம் டில்லியில் சபை கலைந்தது. தேர்தல் வரப்போகிறது, துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஒரு கான்ஸ்டபிள் சைக்கிளில் வந்து சொல்லிவிட்டுப் போனார். தீபத்துக்கு மறுநாள் காலை பத்து மணி கெடு. தேர்தல் முடிந்த பிறகுதான் திரும்பக் கிடைக்குமாம்.

"அப்ப தீபத்தன்னிக்கே எழுதிக் குடுத்துடறேன்" என்றார் பரசுராமன் ராஜேந்திரனிடம். "ஸ்டேஷன்ல வைக்கறப்பவே உன் பேருக்கு மாத்தச் சொல்லி மனுவும் சேர்த்துக் குடுத்துடலாம்."

தீபத்தன்று சாயங்காலம் ராஜேந்திரன் மனுவை டைப் அடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேங்கிக்கால் வந்தார். பரசுராமன் வீட்டு மாடியிலிருந்து மலை முழுசாகத் தெரியும். மேலே கொப்பரையில் தீபம் தெரிந்த பிறகுதான் வீடுகளில் விளக்கு ஏற்றுவார்கள். அதற்கு முன்னாலேயே அகல்களை வரிசையாக வைத்து, எண்ணெய் ஊற்றி, திரி போட்டுத் தயாராக இருக்க வேண்டும்.

அந்த வருஷம் தனம் கடைத்தெருவில் அகல் வாங்கவில்லை. வீட்டில் ஒரு கீறல்கூடத் தெரியாத நாற்பது தட்டு கழுவிக் கவிழ்த்துக் கிடக்கும்போது அகல் எதற்கு? கைப்பிடிச் சுவர்மேல் நாற்பதையும் வரிசையாக அடுக்கி எண்ணெய் ஊற்றிவிட்டு, காபி போடக் கீழே போனாள். திரும்பி வந்து பார்த்தால் சுவர் முழுக்க எண்ணெய் கோடு கோடாக வழிகிறது.

"ஐயையோ! ஏங்க, இங்க வாங்க! எல்லாத்துலயும் ஒழுவுது!"

இரண்டு பேரும் எழுந்து போனார்கள். தனம் ஒரு தட்டைத் துடைத்துக் கவிழ்த்துக் காட்டினாள். அடியில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு. வெடிப்பு தொடங்கும் இடத்தில் கடுகளவு பள்ளம். பள்ளத்துக்குள் சாம்பல் நிறத்தில் ஏதோ மினுங்கியது. பரசுராமன் தனத்தின் புடவையிலிருந்து ஊக்கை வாங்கி நோண்டினார். உள்ளங்கையில் உருண்டு விழுந்தது ஓர் ஈய ரவை.

தோட்டாவுக்குள் இருக்கும் முந்நூறு ரவைகளில் ஒன்று. அவர் தோட்டாவினுடையது. அவர் கையால் போனது.

பரசுராமன் அந்த ரவையை விரலால் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"அவசரப்படாத" என்றார் ராஜேந்திரன். நடுவர் ஆயிற்றே. "கீழ விழுந்ததுல வெடிச்சிருக்கலாம். உன் தோட்டா பட்டுத்தான் வெடிச்சுதுன்னு எப்படிச் சொல்றது?"

சொன்னவர் சும்மா இருக்கவில்லை. எறியாமல் மிச்சம் இருந்த பத்துத் தட்டையும் கொண்டுவரச் சொன்னார். அத்தனையிலும் எண்ணெய் ஊற்றிப் பார்த்தார். ஒன்றும் ஒழுகவில்லை. அதில் ஐந்தை எண்ணெயைக் கவிழ்த்துவிட்டு, மாடியிலிருந்து பின்பக்கத்துச் சேற்றில் ஒவ்வொன்றாக விட்டெறிந்தார். "பக்கத்து வூட்டுக்காரங்க இன்னா நினைப்பாங்க?" என்று தனம் தலையில் அடித்துக்கொண்டாள். பொறுக்கி வந்து மறுபடி எண்ணெய் ஊற்றினார்கள். ஒரு பொட்டு ஒழுகவில்லை. காசியின் தட்டு விழுந்து உடைகிற ஜாதி இல்லை. சுட்டாலே உடையாத ஜாதி.

ராஜேந்திரன் தொண்டையைச் செருமிக்கொண்டார். எண்ணெய்க் கிண்ணத்தைத் தானே எடுத்துக்கொண்டு சுவரின் ஒரு கோடியிலிருந்து தொடங்கினார். ஒவ்வொரு தட்டிலும் கொஞ்சம் ஊற்றுவார், அடியில் விரல் வைப்பார், விரலைப் பார்ப்பார்.

"ஹிட்" என்றார்.

அடுத்தது. "ஹிட்."

அடுத்தது. "இதுவும் ஹிட்."

இருபது வருஷமாக அந்த வாயிலிருந்து பரசுராமன் கேட்காத சொல். அவர் பின்னாலேயே நகர்ந்துகொண்டு, பரீட்சை முடிவைப் பலகையில் பார்க்கும் பையனைப்போல் எட்டி எட்டிப் பார்த்தார். பத்தொன்பதாவது தட்டுக்கு வந்தபோது ஊரே கிடுகிடுத்தது. மலைமேல் தீபம் தெரிந்துவிட்டது. வேட்டுச் சத்தம், மணிச் சத்தம், மொட்டை மாடிகளிலிருந்தெல்லாம் "அண்ணாமலையானுக்கு அரோகரா!" தனம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். திருவண்ணாமலையில் அந்த நேரத்தில் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவர்கள் இரண்டே பேர்.

"ஏங்க, திரும்பிக் கும்பிடுங்க!"

"இரு தனம், இன்னும் இருபத்தொண்ணு இருக்குது."

நாற்பதில் முப்பத்து நாலு ஒழுகின. மிச்சம் ஆறு சுத்தமாக இருந்தன. "அது லாஸ்ட்" என்றார் ராஜேந்திரன் கறாராக. பிறகு எண்ணெய்க் கையைத் துடைக்கத் துணி தேடினார். கிடைக்கவில்லை. சட்டைப் பையில் இருந்த மனுவை எடுத்து விரல் விரலாகத் துடைத்துக் கசக்கி எறிந்தார்.

"பன்னிங்களுக்கு நல்ல நேரம்" என்றார்.

பரசுராமன் அப்போதுதான் மலைப்பக்கம் திரும்பினார். கும்பிட்டார். கும்பிட்ட கையை இறக்காமலே அழுதார். ராஜேந்திரன் அடுத்த வீட்டு விளக்குகளை எண்ணுவதுபோல் பாசாங்கு செய்தார்.

ஒழுகாத தட்டுகளைப் பொறுக்கி எடுத்துத் தனம் விளக்கேற்றி முடித்தாள். எண்ணெய் அத்தனையும் சுவரில் போன கோபம் அவளுக்குத் தீரவில்லை என்றுதான் இரண்டு பேரும் நினைத்தார்கள். திரியைத் தூண்டிவிட்டு நிமிர்ந்தவள் சொன்னது வேறு.

"நீங்க ரெண்டு பேரும் எண்ணெயை ஊத்தி ஊத்திப் பாத்துட்டீங்க. மனசு ஆறிடுச்சு. நாலு வாரமா தோள்பட்டை கழல எறிஞ்சவ நானு. ஒண்ணாவது உடையறதை நான் பாக்க வேணாமா?"

பரசுராமன் கணக்குப் போட்டார். தோட்டா இன்னும் பத்து இருந்தது. காலை பத்து மணிக்கு ஸ்டேஷன். உடைகிற தட்டுக்கு எங்கே போவது?

மறுநாள் விடிவதற்குள் தனம் முதல் பஸ்ஸைப் பிடித்துக் காசி வீட்டு வாசலில் நின்றாள். புருஷனுக்கு ஒன்றரை மாசமாக வராத வார்த்தை அவளுக்கு ஒரு நிமிஷத்தில் வந்தது.

"அண்ணே, நீங்க செஞ்ச தட்டைத் துப்பாக்கியால சுட்டு உடைக்கத்தான் வாங்கினாரு. உடையவே மாட்டேங்குது."

காசி வெற்றிலையைத் துப்பிவிட்டு அவளையே பார்த்தார். "எறியறதுக்குன்னு இல்ல சொன்னாரு? எறிஞ்சா கீழ விழுமேன்னு மண்ணுல மணலை ஜாஸ்தி போட்டு, ரெட்டைக் கனத்துல தட்டி, சூளையில அடிவரிசையில வச்சு ரெண்டு தடவை சுட்டேன் தாயி. உடைக்கறதுக்குன்னு மொதல்லயே சொல்லியிருந்தா எனக்கு எவ்ளோ வேலை மிச்சம்!"

"உங்க மனசு நோவும்னு சொல்லல அண்ணே."

காசி உள்ளே போய், காயவைத்திருந்த உண்டியல் மூடிகளில் பத்தைப் பொறுக்கி முறத்தில் வைத்துக் கொடுத்தார். சுடாத பச்சை மண், மெல்லிசு, விரல் பட்டால் பொடியும். "வேகாத சாமானைக் காசி வெளிய குடுத்தான்னு யார்கிட்டயும் சொல்லிடாத" என்றார்.

ஏழு மணிக்கு நிலத்தில் மூன்று பேரும் நின்றார்கள். ராஜேந்திரன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். தனம் ஒரு மூடியை, தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல் எறிகோலில் வைத்தாள். பரசுராமன் கட்டையைத் தோளில் பதித்தார். அவருக்கு இப்போது துப்பாக்கியைப் பற்றியும் கண்ணாடியைப் பற்றியும் கவலை இல்லை. பக்கத்தில் நின்றவளைப் பற்றி மட்டும்தான் கவலை. இது ஒன்றாவது உடைய வேண்டும்.

"விடு தனம்."

மூடி எழும்பியது. வெடி கேட்டது. வானத்தில் மூடி இருந்த இடத்தில் கைப்பிடி மஞ்சள் தூவியதுபோல் ஒரு புழுதி நின்றது. அது மெதுவாகக் காற்றில் சாய்ந்து கலைந்தது.

ராஜேந்திரன் வாயைத் திறந்தார். அவர் தீர்ப்பைச் சொல்லுவதற்குள் தனம் எறிகோலைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, ஊர் கேட்கிற மாதிரி "ஹிட்!" என்று கத்தினாள். கத்திவிட்டு அடுத்த மூடியை எடுக்கவே மறந்துபோய், புழுதி கலைந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் கழித்துப் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க," என்றாள், "இந்த எலெக்‌ஷன் எப்பதான் முடியும்?"